அரிவாள் வாங்கப் போகிறீர்களா? பட்டறையிலிருந்து பதில்கள்

உச்சிப்புளிப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். வெட்டுகிற சாமான் பற்றி எதுவானாலும் கேளுங்கள்.

அண்ணே, சீமைக்கருவேலம் வெட்ட அரிவாளை எப்படிப் பார்த்து வாங்குவது? (சாயல்குடி)

முதலில் முதுகைப் பாருங்கள் தம்பி. கருவேலம் வைரம் பாய்ந்த மரம், மெல்லிய தகடு அதில் துள்ளும், வாய் மடங்கும். முதுகு 6 மில்லிமீட்டராவது இருக்கட்டும். அப்புறம் பிடியை இரண்டு விரலில் தொங்கவிட்டு, முதுகில் சாவியால் தட்டுங்கள். நீண்டு ஒலித்தால் நல்லது, டொக்கென்று அடங்கினால் உள்ளே கீறல் இருக்கலாம், இல்லையென்றால் பிடி ஆடுகிறது. வாயில் அரத்தை லேசாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டே போனால் பதம், அதாவது கெட்டி, அதிகம், கணுவில் பட்டால் தெறிக்கும். அரம் தாராளமாகக் கடித்தால் பதமே ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவில், பிடித்துப் பிடித்து அறுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தீட்டுவதற்குக் கை கிரைண்டர் வேண்டாம். அதன் சூட்டில் வாய் நீலம் பூத்தால் அங்கே பதம் இறங்கிவிட்டது.

கடலோர வீடு, எவர்சில்வரில் வாங்கலாமா? (மண்டபம்)

மீன் அரிய வாங்குங்கள், விறகுக்கு வேண்டாம். துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தோல் உறைக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், உப்புக்காற்றின் ஈரம் தோலில் தங்கும்.

பாளை அரிவாளால் மட்டை வெட்டலாமா?

கூடவே கூடாது. பாளையை மெல்லிசாகச் சீவுவதற்காகத் தீட்டிய வாய் அது. கருக்குமட்டையில் ஒரு போடு போட்டால் அன்றைய பதநீர் போச்சு.

ஆன்லைனில் வாள் மலிவாக வருகிறது, தோட்டத்துக்கு ஆகுமா?

ஆகாது. பெரும்பாலும் பிடிக்குள் மெல்லிய திருகுக்கம்பியைத்தான் பற்ற வைத்திருப்பார்கள், ஓங்கும்போது அலகு கழன்று பறக்கும். மேலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வாள் ஆயுதப் பட்டியலில் இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியும் அப்படித்தான். வீடு, விவசாயம் போன்ற வேலைக்கென்று செய்ததற்கு மட்டும் விலக்கு.

அரிவாளைப் பழுக்கக் காய்ச்சிக் கெட்டியாக்க எண்ணெயில் தோய்க்கிறீர்களாமே? எங்கள் தாத்தாவின் அரிவாள் தண்ணீரில் தோய்த்தது, இன்னும் உழைக்கிறது. (தொண்டி)

உழைக்கும் ஐயா, நான் மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் பச்சை இரும்பில் உடம்பு அடித்து, வாயில் மட்டும் எஃகு வைத்து இணைப்பார்கள். வாய் கெட்டிப்படும், உடம்பு அதிர்ச்சியைத் தாங்கும். தண்ணீர் அதற்குப் பொருந்தியது. இன்று நாங்கள் அடிப்பது லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் 0.5, 0.6 சதவீதம் இருக்கும், கூடவே சிலிக்கான், மாங்கனீஸ் போன்றவையும் கலந்திருக்கும். அதைச் செக்கச்செவேலென்று தண்ணீரில் இறக்கினால் பல சமயம் 'டிக்' என்று ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தால் வாயில் மயிரிழைக் கீறல்.

எண்ணெயில் போட்டால் கெட்டி வராது என்கிறார்கள். (அதே தொண்டிக்காரர்)

இந்தப் பட்டைக்கு எண்ணெயே போதும், தாராளமாகக் கெட்டியாகும். பிறகு வைக்கோல் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வரும்வரை மெல்லச் சூடு காட்டிப் பதத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அதைச் செய்யாத அரிவாள்தான் உடைகிறது, பழி எண்ணெய் மேல் விழுகிறது. ஒரு முறை பட்டறைக்கு வாருங்கள், ஒரே பட்டையில் இரண்டு துண்டு வெட்டி இரண்டையும் உங்கள் கண் முன்னாலேயே தோய்த்துக் காட்டுகிறேன்.

கருவேலம் வெட்ட எந்த அரிவாள் நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

அண்ணே, கிரைண்டரில் தீட்டிவிட்டேன், வாய் நீலமாக இருக்கிறது.

இதற்குத்தான் படித்துப் படித்துச் சொன்னேன். நீலம் பூத்த இடம் முழுவதும் கழியும்வரை கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தேயுங்கள். அதற்குப் பிறகும் வாய் மடங்கினால் பிடியைக் கழற்றிக்கொண்டு வாருங்கள், மறுபடி உலையில் வைக்க வேண்டும்.