தம்பி கேபாட் இழுக்கிறான், வீட்டில் சொல்லலாமா?

பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பியின் பையில் கேபாட் (மயக்க மருந்து கலந்த மின்சிகரெட் குப்பி) பார்த்தேன், அம்மா அப்பாவிடம் சொன்னால் அவன் படிப்பும் குடும்ப மானமும் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டவள்.

1994-ல் சிங்கப்பூர் தோ பாயோவில் மூவறை வீட்டில் இருந்தோம். சமையலறையில் சில்வர் பேப்பர் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துபோனது. அம்மா கடைக்காரரைத் திட்டிக்கொண்டே புதுச்சுருள் வாங்குவார். தம்பி கழிவறைக்குள் போனால் அரைமணி நேரம் வரமாட்டான். சில நாள் மூக்கு ஒழுகும், கொட்டாவியாக விடுவான், கை கால் குடையுது என்று சுருண்டு படுப்பான். ஜுரம்தான் என்று நான் பனடால் கொடுத்தேன். பவுடர் கிடைக்காத நாளில் ஹெராயின் பழகிய உடம்பு அப்படித்தான் கேட்கும் என்பதும், அந்தப் பவுடரைச் சில்வர் பேப்பரில் சூடாக்கித்தான் புகையை இழுப்பார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் கருகிய பேப்பரை அவன் தலையணைக்கு அடியில் பார்த்தபோது ஏதோ தப்பு என்று நிச்சயம் தெரியும். மடித்துக் குப்பையில் போட்டேன். அப்பா அடிப்பாரே என்ற பயம்.

இரண்டு வருடம் கழித்துப் பிடிபட்டான். மொத்தம் மூன்று முறை டிஆர்சி என்ற போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில் அடைத்தார்கள். அவன் ஜொகூரில் வேலை பார்க்கிறான் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வெளியே போவதே நின்றுவிட்டது. இதில் எங்கள் பெரியப்பா ஒருவர், "பிள்ளையை வளர்க்கத் தெரியல" என்று ஊரெல்லாம் பேசினார்.  

பவுடரும் கேபாடும் ஒன்றா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேபாடில் இருக்கும் எட்டோமிடேட், அறுவைச் சிகிச்சைக்கு முன் ஆளை மயக்க நரம்பில் ஏற்றும் மருந்து. மருத்துவமனையில் அளவு பார்த்து, பக்கத்தில் ஆள் நின்று கவனித்துக் கொடுப்பதை உங்கள் தம்பி புளோக் படிக்கட்டில் உட்கார்ந்து அளவே தெரியாமல் இழுக்கிறான். தள்ளாட்டம், குழப்பம், வலிப்புவரை வரும். சும்மாவா 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சி வகுப்பில் சேர்த்தார்கள்?

போலீஸ் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அப்போதே அரசாங்கம் அறிவித்தது. மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பிடிபடும்வரை காத்திருந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். அவனை முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள், அப்புறம் அம்மாவிடம் நீங்களும் அவனுமாகச் சேர்ந்து போங்கள். எல்லா அப்பாவும் எங்கள் அப்பா மாதிரி இருக்கமாட்டார்கள்.

என் தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். இந்து அறக்கட்டளை வாரியத்தின் 'ஆசிரமம்' என்ற மறுவாழ்வு இல்லத்தில் தங்கி மீண்டவன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நேற்று உங்கள் கேள்வியை அவனிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பேப்பர் காணாமப் போனப்பவே நீதான் எடுத்தேன்னு தெரியும்க்கா. நீ கேப்பேன்னு ஒரு வாரம் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றான்.