கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கா சம்பளம்?

கேள்வி: அக்கா, கல்யாணமாகி இங்கிலாந்துல கோவென்ட்ரி வந்து எட்டு மாசமாச்சு, ஒரு சப்போர்ட்டட் லிவிங் வீட்ல, அதாவது உதவி தேவைப்படறவங்க கூட ஆள் வெச்சுக்கிட்டு தனியா வாழற வீட்ல, சப்போர்ட் வொர்க்கரா சேந்திருக்கேன். அங்க ஒருத்தருக்கு டவுன் சிண்ட்ரோம், அம்பது வயசு இருக்கும். ஒரு சாண்ட்விச் பண்ணிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகுது. பாவமேன்னு நான் பண்ணிக் குடுத்தா, மேனேஜர் கூப்பிட்டு அவரே பண்ணட்டும், நீ கூட நில்லுங்கறாங்க. கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கா சம்பளம்? மனசு கேக்கமாட்டேங்குது. (பெயர் வேண்டாம்)

பதில்: உன் மனசு எனக்கு நல்லாவே புரியுது தங்கச்சி, நம்ம வீட்ல பெரியவங்க அடுப்படி பக்கம் வந்தாலே நீங்க உக்காருங்கன்னு கரண்டிய வாங்கிடுவோம், அப்படியே வளந்துட்டு இங்க வந்து சும்மா நின்னு பாக்கணும்னா கஷ்டம்தான். பதினோரு வருஷம் முன்னாடி லெஸ்டர்ல நான் இந்த வேலைல சேந்த முதல் வாரம், ஸ்ட்ரோக் வந்து இடது கை வராமப் போன ஒரு அம்மாவோட வீடு. கெட்டில தூக்க வேணாம்னு ஒரு கம்பி ஸ்டாண்டு வெச்சிருப்பாங்க, ஒத்தக் கையால சாய்ச்சா போதும், அவங்க சாய்க்க சாய்க்க பாதி தண்ணி மேடைல. நான் ஓடிப்போய் டக்குனு வாங்கி டீ போட்டு கைல குடுத்துட்டேன். தேங்க்யூன்னாங்க. அப்புறம் அந்த டீய அப்படியே சிங்க்ல ஊத்திட்டு கெட்டில்ல திரும்ப தண்ணி புடிச்சாங்க. ஒரு வார்த்தை திட்டல. ஆறு மாசம் ஆஸ்பத்திரில அடுத்தவங்க கையால குடிச்சுட்டு வந்தவங்கன்னு பிறகுதான் தெரிஞ்சுது, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

சப்போர்ட்டட் லிவிங்னா அது அவங்க வீடும்மா, வாடகை ஒப்பந்தம் அவங்க பேர்ல, நாமதான் பெல் அடிச்சுட்டு உள்ள போகணும். மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட்னு 2005ல வந்த சட்டம் இருக்கு, ஒருத்தரோட முடிவு நமக்கு முட்டாள்தனமா தெரியுதுங்கறதுக்காகவே அவருக்கு முடிவெடுக்கத் தெரியாதுன்னு வெச்சுக்கக் கூடாதுன்னு அதுல நேராவே எழுதியிருக்கு. ஜாமையும் சீஸையும் சேத்து வெச்சு சாப்பிடறாரா, சாப்பிடட்டும்.

அதுக்காக சும்மா நிக்காத. எங்க தடுக்குதுன்னு பாரு, ஜாடி மூடி திருகறதுலயே பத்து நிமிஷம் போகுதுன்னா மூடிய மட்டும் லேசா தளத்தி வெச்சுடு, பிளேட்டு நகருதுன்னா அடில வழுக்காத மேட் போடு, அடுத்து என்னன்னு மறந்துடறார்னா அவர்கிட்ட கேட்டுட்டு ஒவ்வொரு ஸ்டெப்பையும் அவர் பண்றப்ப போட்டோ எடுத்து சுவத்துல வரிசையா ஒட்டு. எல்லாத்தையும் நோட்ஸ்ல எழுது, அடுத்த ஷிஃப்ட்டுக்கு வர்றவங்க பழையபடி பண்ணிக் குடுத்தா உன் உழைப்பு போச்சு. ஒண்ணே ஒண்ணு, விழுங்கறதுல பிரச்சனை இருக்குன்னு ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதி வெச்சிருந்தா அத வரி விடாம படி, ப்ரெட்டு தொண்டைல சிக்கறது சாதாரண விஷயம் இல்ல, அவர் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் கண்ண எடுக்காத.

கேள்வி: நாமக்கல்ல இருந்து எழுதறேன் அக்கா. யூகேல கேர் வேலைக்கு விசா வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் பன்னெண்டு லட்சம் கேக்கறார், குடுக்கலாமா? சின்ன வயசுல இருந்து மாற்றுத்திறனாளி அண்ணனைப் பாத்துக்கிட்டவன், இந்த வேலை எனக்குப் புடிக்கும்.

பதில்: குடுக்காத தம்பி. வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் வொர்க்கர்கள எடுக்கற அந்த விசா வழிய 2025 ஜூலை 22ல மூடிட்டாங்க. திறந்திருந்தப்பவே வீட்ட அடமானம் வெச்சு வந்து, இங்க இறங்கினா வேலையே இல்லாம ஒரே ரூம்ல ஆறு பேரா கெடந்த பசங்களுக்கு நான் சோறு கொண்டுபோய் குடுத்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

அண்ணனைப் பாத்துக்கிட்ட அனுபவம் சும்மா இல்ல, அது ஊர்லயே வேணும். தென்காசி பக்கம் ஆய்க்குடில மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981ல இருந்து நடக்குது, ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயாவே கழுத்துக்குக் கீழ செயலிழந்தவர். சென்னைல தி பேன்யன் அமைப்பு ‘ஹோம் அகெய்ன்’னு ஒண்ணு நடத்தறாங்க, மனநோய்ல இருந்து தேறினவங்க நாலஞ்சு பேரா சாதாரணத் தெருவுல வாடகை வீட்ல இருப்பாங்க, கூட உதவிக்கு ஆள் இருப்பாங்க. அந்த உதவிக்கு இருக்கறவங்க பண்றதும் மேல அந்தத் தங்கச்சி பண்ற அதே வேலைதான். ரெண்டு இடத்துக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டு நேர்ல ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வா, போறப்ப அண்ணனுக்கு முடிஞ்சா அவரையும் கூட்டிட்டுப் போ.