உருகிப்போன சவுரிக்குப் பணம் திரும்ப வருமா?

கேள்வி: மகள் நிச்சயத்துக்குச் சடை பின்ன ஒரு சவுரி வாங்கினேனுங்க. சென்னையில் இருக்கிற ஒருவர் வாட்ஸ்அப்பில் "நூறு சதவீதம் மனித முடி, பழனி முடி" என்று படத்தோடு போட்டிருந்தார். 9,800 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். நிச்சயத்தன்று பியூட்டி பார்லர் பெண் சூடான அயர்னை வைத்ததும் நுனி பிளாஸ்டிக் மாதிரி சுருண்டு ஒட்டிக்கொண்டது. கேட்டால், "தலையில் வைத்ததைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார். பில்லும் தரவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கருகியிருந்தால் சூடு அதிகம் என்று அவர் தப்பித்துவிடலாம். ஒட்டிக்கொண்டது என்கிறீர்களே, அங்கேதான் அவர் மாட்டுகிறார். மனித முடி உருகாது. நாலைந்து இழையை உருவி, கிடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடியென்றால் இறகு கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். செயற்கை இழை உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். ஒரே இடத்தில் உருவ வேண்டாம், கலப்படம் செய்கிறவர்கள் மேல் வரிசையில் நல்ல முடியை வைப்பதுண்டு. கட்டுநூலையும் கொளுத்திவிடாதீர்கள், நூல் செயற்கையாக இருந்தால் அதுவும் உருகும். ஆட்டு முடியும் இதே நாற்றம்தான் அடிக்கும் என்பதால், உருகாதது எல்லாம் மனித முடி ஆகிவிடாது. உருகுவது மட்டும் நிச்சயம் மனித முடி இல்லை.

இதை வீடியோ எடுத்து வையுங்கள். மீதியை அலசாமல், வெட்டாமல் அப்படியே கட்டி வைத்துவிடுங்கள். வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையம் அதைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பும்.

அப்புறம், அவரிடம் "பிடிக்கவில்லை" என்ற சொல்லே வரக்கூடாது. பிடிக்காத பொருளைத் திரும்ப வாங்கு என்று கட்டாயப்படுத்த முடியாது. "சொன்னது வேறு, கொடுத்தது வேறு" என்பதுதான் உங்கள் புகார். பொருள் எதனால் ஆனது என்று பொய் சொல்லி விற்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. பில் தராததும் அதில் சேர்த்தி. தலையில் வைத்தது என்ற சாக்கு இங்கே எடுபடக்கூடாது. தலையில் வைக்காமல் சவுரியை வேறு என்ன செய்வதாம்?

பில் இல்லையே என்று கலங்க வேண்டாம். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பார்சல் உறை எல்லாம் சாட்சிதான். அந்த விளம்பரப் படத்தை அவர் அழிப்பதற்குள் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழனி பேரைச் சொன்னால் நம்ம பக்கத்தில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. மலையில் இறக்குகிற முடி ஏலம் போகிறதுதான், ஆனால் உங்களுக்கு வந்தது அங்கிருந்து வந்ததா என்று காட்ட வேண்டியவர் அவர்.

பார்சல் உறையில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள்: 15 நாளில் 9,800 ரூபாயும் பார்சல் செலவும் வேண்டும், சவுரியைத் திருப்பித் தரத் தயார். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல விற்பனையாளர்கள் அந்த அழைப்பிலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

வரவில்லையென்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர் சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். விசேஷத்தன்று பட்ட அவமானத்துக்கும் இழப்பீடு கேட்கலாம், அந்தப் பார்லர் பெண்ணிடம் நடந்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.