தியலும மேல் தடாகங்கள்: டிசம்பரில் பிள்ளைகளுடன் போகலாமா?

வணக்கம் ஐயா. டிசம்பர் விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளுடன் மலையகத்துக் கொஸ்லந்தைக்குச் சென்று, தியலும நீர்வீழ்ச்சிக்கு மேலேயுள்ள பாறைக்குழிகளில் நீராட எண்ணுவதாகவும், அவை யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் போன்றவையா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இரண்டும் வேறு. நிலாவரை, சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்து உண்டாக்கிய பள்ளம். மலையகத்துக் கடும்பாறை அவ்வாறு கரையாது. வெள்ளம் உருட்டி வரும் கற்கள் ஒரு சிறு பள்ளத்தில் சிக்கி, சுழல்நீரோடு நெடுங்காலம் சுற்றிச் சுற்றி, ஆட்டுக்கல்லில் குழவி உழுந்தை அரைப்பது போலப் பாறையையே அரைத்து வட்டக் குழியாக்கிவிடுகின்றன. நீர் வற்றிய குழியொன்றை எட்டிப் பார்த்தால், அந்த வேலையைச் செய்த கூழாங்கற்கள் அடியிலேயே உருண்டு திரண்டு கிடப்பதைக் காணலாம்.

ஆபத்தும் அந்த அரைப்பில்தான் இருக்கிறது. சுவர் வழுவழுப்பாகவும், சில குழிகளில் வாய் ஒடுங்கி உள்ளே அகன்றும் இருப்பதால், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் பிடித்தேற விளிம்பு அகப்படாது. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை வேறு. மேலே மலையில் பெய்தால், நீங்கள் குளிக்குமிடத்தில் வெயில் எறிக்கும்போதே நீர் பெருகி வரலாம். கீழே சுமார் 220 மீற்றர் வீழ்ச்சி என்பதை மறக்க வேண்டாம்.

ஆகையால் பயணத்தை ஆகஸ்ட் விடுமுறைக்கு மாற்றுவதே நல்லது என்பேன். அப்போதும் அடி தெரியும் ஆழமற்ற தடாகத்தில் மட்டும் பிள்ளைகளை விடுங்கள்; நீர் திடீரெனக் கலங்கினாலோ சருகுகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறிவிடுங்கள். பாசி படிந்த பாறைக்கு இறப்பர்ச் செருப்பு உதவாது.