ஸ்டேஷனில் கழற்றி வாங்கிய பொருளை யாரிடம் கேட்பது?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "அடிதடி வழக்கில் என் தம்பியை இரவில் பிடித்துப் போனார்கள். ஸ்டேஷனில் மோதிரம், செல்போன், 4,200 ரூபாயோடு பர்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு, ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னார்களாம். கோயம்புத்தூர் மத்திய சிறையில் 12 நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். ஸ்டேஷனில் கேட்டால் ஜெயிலில் கேள் என்கிறார்கள். ஜெயிலில், வெறுங்கையோடுதான் வந்தான் என்கிறார்கள். என்ன செய்வது?"

முதலில், வாய்வார்த்தையாகக் கேட்டு மலை ஏறி இறங்குவதை நிறுத்துங்கள், அம்மா. பஸ் காசுதான் போகும். பொருள் ஸ்டேஷனில், கோர்ட்டில், ஜெயிலில் என மூன்றில் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். மூன்றிலும் அதற்கென்று ஒரு காகிதம் உண்டு. அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 49ஆம் பிரிவுப்படி, கைதானவரைச் சோதனை போட்டு எடுத்த பொருளைப் பத்திரமாக வைக்க வேண்டும். எதை எடுத்தோம் என்று அவருக்கு ரசீதும் தர வேண்டும். கைதுக் குறிப்பாணை வேறு, இந்த ரசீது வேறு. தம்பியிடம் கையெழுத்து வாங்கியது எதில் என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அந்த நேரத்துப் பதற்றத்தில் நினைவே இருக்காது.

செல்போன் பெரும்பாலும் வழக்குச் சொத்தாகி, அதாவது வழக்குக்கான சான்றுப் பொருளாகியிருக்கும். அப்படியானால் மகஜர் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்) எழுதி, படிவம் 95 போட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மகஜரில் மோதிரமும் இருந்தால் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். தங்கத்தை 'மஞ்சள் நிற உலோகம்' என்றுதான் எழுதுவார்கள். அது வழக்கம், பயப்பட வேண்டாம். எடை எழுதாமல் விட்டிருந்தால்தான் தகராறு. நகைக்கடை பில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

ஜெயில் கதை சுருக்கமானது. 1894 சிறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி கைதியின் பணமும் பொருளும் ஜெயிலர் பொறுப்பு. உள்ளே போகும்போது பதிவேட்டில் ஏறும், வெளியே வரும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். அங்கே பதிவே இல்லையென்றால் சந்தேகம் ஸ்டேஷன் பக்கம் திரும்புகிறது. அப்படிப் பதிவு இல்லை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தம்பி தன் பெயரிலேயே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பொருள் கோர்ட்டுக்கு வந்திருந்தால் பி.என்.எஸ்.எஸ். 497ஆம் பிரிவு, வராமல் போலீஸ் கையிலேயே இருந்தால் 503ஆம் பிரிவு. வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பொருளைச் சீக்கிரம் திருப்பித் தரலாம் என்று 2002லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் செலவுக்குப் பயந்தால் ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்ற வகையில் உங்களுக்கே இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசியில் கேட்க 15100.

இனி ஸ்வெட்டர். பலரும் இதைச் சில்லறை விஷயமாக விட்டுவிடுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெல்ட், அரைஞாண் கயிறு இதையெல்லாம் லாக்கப்பில் கழற்றுவது தற்கொலை பயத்தால். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே 49ஆம் பிரிவு 'அவசியமான உடை நீங்கலாக' என்றும் சொல்கிறது. மார்கழி ராத்திரியில் கோத்தகிரியில் ஸ்வெட்டர் அவசியமான உடை இல்லையென்றால் வேறு எது? ஸ்வெட்டர் தொப்பியில் கயிறு இருந்தால் கயிற்றை உருவிவிட்டுத் தரலாமே. நம் நீலகிரி நடுவட்டத்தில், மலேரியா மருந்துக்கான சின்கோனா மரத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்த பழைய ஜெயில் இன்னும் இருக்கிறது. அந்தக் கல் தரையில் பத்து நிமிடம் செருப்பில்லாமல் நின்று பார்த்தால் தெரியும். காவலில் இருப்பவரின் உடல்நலத்துக்குக் காவலில் வைத்திருப்பவரே பொறுப்பு என்கிறது பி.என்.எஸ்.எஸ். 56ஆம் பிரிவு. அதனால் மனுவில் மோதிரத்துக்குக் கீழே ஸ்வெட்டரையும் எழுதுங்கள், நிறத்தோடு.

இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் ஒன்று. ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட் "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்பார். அடித்தார்களா என்பதற்கு மட்டுமல்ல, என்னென்ன வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லவும் அதுதான் நேரம். தண்டனை ஆகாத விசாரணைக் கைதி தன் வீட்டுத் துணி, போர்வையைப் பெறலாம் என்று சிறைச் சட்டத்தில் 31ஆம் பிரிவு இருக்கிறது. ஜெயிலில் கைதியைச் சந்திக்க (மனுப் பார்க்க) போகும்போது கொண்டுபோங்கள், சோதித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். துணி மடிப்பில் பீடிக்கட்டை மட்டும் வைத்துவிடாதீர்கள். தடை செய்த பொருளைக் கொடுத்ததாக உங்கள் மேலேயே வழக்கு வரும்.