இலவசத்தால் கை ஓய்கிறதா? சில கேள்விகள், என் பதில்கள்

ஊரக வளர்ச்சித் துறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நலத்திட்டங்களால் உழைப்பு குறைகிறதா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: நூறு நாள் வேலை வந்த பிறகு களை பறிக்க ஆள் கிடைப்பதில்லை. மரத்தடியில் உட்கார்ந்தாலே கூலி என்றால் வயலுக்கு யார் வருவார்கள்? (ஒரு விவசாயி, மன்னார்குடி)

மரத்தடியில் உட்கார்ந்தது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். இன்னாருக்கு இவ்வளவு வேலை என்று அளந்து கொடுக்காத எங்கள் துறைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2005 சட்டம் சொன்ன 100 நாள் ஒரு குடும்பத்துக்கு, ஆளுக்கு அல்ல. மீதி 265 நாளும் அந்தக் குடும்பம் வேறெங்கோ உழைத்துத்தான் சாப்பிட்டது. 2024-25இல் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். அதுவும் வங்கிக் கணக்குக்கு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். உங்கள் வயலிலோ சாயங்காலமே காசு. அப்படியும் ஏரிக்கரையில் நடந்த நூறு நாள் வேலைக்குப் போனார்கள் என்றால், களை பறிக்கும் பெண்ணுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

அங்கே இருந்தவர்கள்தான் யார்? தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். ஒரு பணித்தளத்தில் அறுபது தாண்டிய அம்மா ஒருவர் மண்சட்டி தூக்க முடியாமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. “நடவுக்கு என்னை யார் கூப்பிடுகிறார்கள் தம்பி? குனிந்தால் நிமிர அரை நாள் ஆகிறது” என்றார். வாட்டசாட்டமான ஆட்களைத் தேடினால் திருப்பூரிலும் கட்டட வேலையிலும்தான் கிடைப்பார்கள்.

கேள்வி: அரிசி இலவசம். பிறகு எதற்கு உழைக்க வேண்டும்?

2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம்தான். அதை வேகவைக்க கேஸ் வேண்டாமா? குழம்புக்குப் புளி?

கேள்வி: இதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா? (கல்லூரி மாணவி, மதுரை)

பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் வேறு மூன்று பேரும் மெக்சிகோ, இந்தோனேசியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்குத் திட்டவட்டமான சான்று கிடைக்கவில்லை. பின்லாந்து 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தது. வேலை கிடைத்தாலும் அது நிற்காது. அவர்கள் வீட்டில் முடங்கிவிடவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1968 முதல், குடும்பங்களுக்குக் குறைந்தபட்ச வருமானத்தை உத்தரவாதமாகக் கொடுத்துப் பார்த்த சோதனைத் திட்டங்களில் வேலை நேரம் ஓரளவு குறைந்தது. அங்கே சம்பளம் ஏற ஏற உதவி வேகமாக வெட்டப்பட்டது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அடுத்த கேள்வியும் இதைத்தான் தொடுகிறது.

கேள்வி: துணிக்கடையில் மாதம் 7,000 ரூபாய்க்கு வேலை வந்திருக்கிறது. போனால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா? வேண்டாம் என்கிறார் மாமியார். (ஈரோடு)

போங்கள் அம்மா. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று திட்டம் தொடங்கியபோது வைத்த வரம்பு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம். அதைத் தாண்டி தொகை நின்றே போனாலும் ஆண்டுக்கு இழப்பது 12,000, வருவது 84,000.

ஆனால் உங்கள் மாமியார் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 2,49,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 500 ரூபாய் சம்பளம் கூடினால் ஆண்டுக்கு 6,000 வரும், 12,000 போகும். உழைத்ததற்கு அபராதம்! அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கூடுதல் சம்பளத்தை மறைப்பார்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். வரம்பைத் தாண்டியதும் மொத்தமாக வெட்டாமல், நூறு நூறாகக் குறைத்தால் இந்தச் சிக்கலே வராது.

கேள்வி: பெண்களுக்கு இலவச பஸ், ஊர் சுற்றத்தானே?

காலை ஆறரை மணி டவுன் பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். தூக்குவாளியோடு நிற்பவர்களிடம் எந்த ஊர் சுற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள்.