துருவுக்குக் கடுக்காய்

கேள்வி: உப்புக்காற்றில் எங்கள் வீட்டு இரும்பு கேட் துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறது. கடுக்காய்ச் சாறு துருவைத் தடுக்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: பாதி உண்மை, அம்மா. தோல் பதனிட உதவும் அதே டானின் என்ற துவர்ப்புப் பொருள் கடுக்காயில் ஏராளம். அது துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து கருநீலப் படலமாகிறது. கடுக்காய் அரைத்த கத்தி கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, கெட்டியான கஷாயத்தை இரண்டு முறை பூசி உலர விடுங்கள். ஆனால் படலம் மெல்லியது. மேலே பிரைமரும் பெயின்டும் அடிக்காவிட்டால் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும்.

தாவரச் சாறுகள் நன்றாக வேலை செய்வது அமிலத் தொட்டியில். நான் அங்கே நின்றே வாழ்நாளைக் கழித்தவன். துருவை நீக்க எஃகை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கும்போது, நல்ல உலோகமும் கரையும். அந்த அமிலத்தில் கலக்கும் மருதாணி, வேப்பிலைச் சாறுகளிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் கொண்ட மூலக்கூறுகள் எஃகின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தைத் தள்ளி நிறுத்துகின்றன. சாறு கலந்தும் கலக்காமலும் முக்கி, முன்னும் பின்னும் தகட்டை எடை போட்டால் வித்தியாசம் தெரியும்.

ஆலைகளைக் குளிர்விக்கும் தண்ணீரில் ஒரு காலத்தில் துருவைத் தடுக்க குரோமேட் என்ற குரோமிய உப்பைக் கலந்தார்கள். அது புற்றுநோய் தரும் நஞ்சு. அதனால்தான் தாவரச் சாறுகளில் மாற்று தேடும் முயற்சியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒன்று மட்டும்: கஷாயம் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.